மிச்சம் விட்ட வயர்

லிங்கநகரில் எங்கள் வீட்டின் இரண்டாவது டிவிக்குக் கேபிள் பூட்ட வந்தவர் மெலிந்த மனிதர். தூண்டில் நூலை அளப்பதுபோல இரு கைகளையும் விரித்து வயரை அளந்தார்.

“இந்த அறையில ஆர் படுக்கிறது?” என்று கேட்டார்.

யுத்த காலத்தில் வீட்டில் எத்தனை பேர் என்று விசாரிக்க வந்த பலரை நாங்கள் கண்டிருக்கிறோம். எனக்குச் சந்தேகம் தட்டியது. “ஒருத்தரும் இல்லை,” என்றேன்.

கட்டிலின் புது விரிப்பைப் பார்த்தார். “அப்ப டிவியை எங்க வைச்சாலும் சரிதானே?”

“ஓம்.”

தலைமாட்டு ஜன்னலோரம் இருந்த மேசையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மாவை அந்தக் கட்டிலில் படுக்க வைத்தோம். அவரால் திரும்ப முடியாது. டிவியைக் கால்மாட்டுக்கு மாற்ற மேசையை இழுத்தேன். பின்னால் மிச்ச வயர் சுருட்டிக் கட்டியிருந்தது. அவிழ்த்தேன், கால்மாட்டுச் சுவர்வரை சரியாக எட்டியது.

கேபிள் பூட்டியவரும் என்னை நம்பவில்லை.