ஊர்த்தெருவில் ஒரு நடை வகுப்பு

பொதுச்சாலையில் ஊர்வலம் போக யாராவது விண்ணப்பித்தால், உண்டு அல்லது இல்லை என்று ஊர்வலத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விதி இவ்வளவுதான். அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியே தலை நரைத்தவள் நான். பேசாமல் இருப்பது என்று மூன்றாவதாக ஒரு பதில் உண்டு, அதுதான் தாராளமாக வழங்கப்படுகிறது என்பதை நன்றாக அறிவேன். ஆனால் என் சித்தி மனுக் கொடுத்தபோது எனக்கு எட்டு வயது.

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகும் வழியில் எங்கள் ஊர். எங்கள் தெருக்காரர்கள் பௌத்தம் தழுவித் தகரக் கூரையில் ஒரு விகாரை கட்டியிருந்தார்கள். ஞாயிறுதோறும் சித்தி அங்கே பிள்ளைகளுக்குப் பஞ்சசீலம், படம் வரைதல், பறை எல்லாம் சொல்லிக்கொடுப்பாள். எனக்குப் பிடித்தது நடைத் தியானம். பேசாமல், ஒருவர் பின் ஒருவராக, காலைத் தூக்குவதையும் வைப்பதையும் கவனித்தபடி நடக்க வேண்டும்.

வைகாசிப் பௌர்ணமியன்று புத்தர் படத்தை ஊர்த்தெரு வழியாக எடுத்துப்போகத்தான் சித்தி அனுமதி கேட்டிருந்தாள். நிலக்காரர்களின் தெரு அது. அங்கே எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள். எழுதாத விதி, அதற்கு நினைவூட்டல் எதுவும் தேவைப்படவில்லை. செருப்பு தேயக்கூடாதென்றுதான் அம்மா அப்படிப் போகிறாள் என்று நான் நம்பியிருந்தேன்.

பௌர்ணமி வந்துவிட்டது, பதில் வரவில்லை. சித்தி படத்தைச் சுவரிலேயே விட்டாள். பறைகளை உள்ளே வைத்துப் பூட்டினாள். ஆளுக்கொரு கொட்டாங்குச்சி விளக்கைக் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு நடை கிளாஸு வெளியில. எல்லாரும் செருப்பு போட்டுக்குங்க."

வாசலில் செருப்பைக் கழற்றவில்லையென்றால் காதைத் திருகுகிறவள் சொன்னாள் இதை! எனக்கு உலகமே தலைகீழானது போலிருந்தது.

விளக்கேற்ற வந்திருந்த அம்மாவின் கையிலும் ஒன்றைத் திணித்தாள்.

"வாணாண்டி. நாளைக்குக் களைவெட்ட யாரும் கூப்புட மாட்டாங்க. அப்புறம் சோத்துக்கு இன்னா பண்றது?"

"நீயும் இப்ப ஸ்டூடண்ட்டுதான், அக்கா. கிளாஸ்ல பேசக்கூடாது."

அந்தி மயங்கும் நேரம். ஊர்த்தெருவில் திரும்பியதும் எதிரே நிலா, பெரிதாக, மஞ்சளாக, தெரு முடியும் இடத்தில் எங்களுக்காகவே காத்திருப்பது போல நின்றது. யாரும் பேசவில்லை. சுடரைக் காற்று தொடாதபடி கையால் மறைத்துக்கொண்டு நடந்தோம். செருப்புகள் மண்ணில் உரசும் ஓசை மட்டுமே கேட்டது. இருபுறமும் கதவுகள் திறந்தன. வந்து நின்றவர்களும் பேசவில்லை. தெருவில் மல்லாட்டைக் கடலையைக் காயவைத்திருந்த ஒருவர் அவசரமாக அதை ஓரமாகக் குவித்தார். எங்களுக்கு வழிவிடுகிறார் என்று பூரித்து, அவரைப் பார்த்துச் சிரித்துவைத்தேன். இவ்வளவு பெரிய மௌனத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்கள் விளக்குகளின் மகிமை அது என்று நினைத்து உடல் சிலிர்த்தது.

தெருக்கோடியில் சைக்கிளில் வந்த ஏட்டு மறித்தார்.

"இன்னாம்மா இது? பர்மிஷன் இல்லாம ஊர்வலமா?"

"ஊர்வலம்னா மேளம் இருக்கும், கோஷம் இருக்கும் சார். இது கிளாஸுங்க. நடக்கக் கத்துக்கினு இருக்குதுங்க."

"நடக்கறதுக்கு ஒரு கிளாஸா?"

"மத்த தெருவுக்கு வாணாம் சார். இந்தத் தெருவுக்கு வேணும்."

ஏட்டு வரிசையைப் பார்த்தார். கோஷம் தேடினார், கொடி தேடினார். கொட்டாங்குச்சியைக் குற்றமாக்கும் பிரிவு எதுவும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை போலும். "ஜல்தியா போங்க" என்று ஒதுங்கினார்.

ஜல்தியாகப் போவது எங்கள் பாடத்திலேயே இல்லை. காலைத் தூக்கி, நகர்த்தி, வைத்தோம். திரும்பிப் பார்த்தேன். அம்மா தன் பாதங்களையே பார்த்தபடி, ஒவ்வோர் அடியாக, எங்கள் எல்லோரையும்விட மெதுவாக வந்துகொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. முதல் நாளே பாடத்தை இவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொண்டாளே என்று எனக்கு வியப்பு.

மறுநாள் அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. காலையில் என்னை மடியருகே உட்காரவைத்து, அவசரமே இல்லாமல் தலை பின்னிவிட்டாள். பௌர்ணமிக்கு அம்மாவுக்கும் லீவு விட்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஊர்வலத்துக்கு அனுமதி இல்லை என்ற பதில் சித்தியின் கைக்கு வந்ததும் அன்றுதான்: பௌர்ணமிக்கு மறுநாள், திங்கட்கிழமை.