புளி போட்டுத் தேய்த்த ஹார்விட்

பழைய கார் ஒன்றின் வயது தெரிய வேண்டுமென்றால் இப்போது கைப்பேசியில் அதன் பெயரைத் தட்டினால் போதும். நாற்பது பேர் நாற்பது வருஷங்களைச் சொல்வார்கள். நாற்பது பேரும் சத்தியமும் செய்வார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அத்தை ஞாபகம் வரும். "சொன்னவிய கண்ணால பாத்தாவளா?" என்ற ஒரே கேள்வியில் நாற்பது பேரையும் சாய்த்திருப்பாள்.

அத்தை அப்பாவின் தங்கை. மராட்டிய மண்ணில், விஷ்ராந்த்வாடியில் எங்களோடுதான் இருந்தாள். பக்கத்தில் கட்கியில் ஒரு ராணுவக் கிடங்கில் கிளார்க். ஆணியிலிருந்து டயர் வரை எண் இல்லாத பொருள் உலகத்தில் கிடையாது என்பது அவள் மதம். கடைக்காரர் பழைய அரிசி என்று சொன்னால் மூட்டையில் கட்டியிருக்கும் சீட்டைக் காட்டச் சொல்வாள். அவளோடு கடைக்குப் போக எங்கள் வீட்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

கீழ் வீட்டில் எங்கள் வீட்டுக்காரர் இருந்தார். மராட்டியர், நாங்கள் காகா என்று கூப்பிடுவோம். அவருடைய ஷெட்டில் பாட்டில் பச்சை நிறத்தில் ஒரு குட்டிக் கார் நின்றது. ஹார்விட் எட்டு என்று அதற்குப் பெயர். அவருடைய அப்பா உலகப் போருக்கு முன்பே வாங்கியது. போருக்கு முந்தைய வண்டிகள் மட்டும் போகும் ஊர்வலம் ஒன்று ஊரில் நடக்க இருந்தது; அதில் ஹார்விட்டை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று காகாவுக்கு ஆசை. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் போர் முடிந்த பிறகான வருஷம் இருந்தது. அதற்கு முன்னால் வண்டி ஒரு சமஸ்தானத்தில் ஓடியது, பிறகுதான் இங்கே பதிந்தது என்று காகா எவ்வளவோ சொன்னார். ஊர்வலக் கமிட்டிக்காரர் சிரித்துவிட்டு, "உங்க அப்பா கொஞ்சம் கதை விட்டிருப்பார்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். காகா இரண்டு நாள் டீ குடிக்கவில்லை. மூன்றாம் நாள் மாடிப்படி ஏறி அத்தையிடம் வந்தார்.

அத்தை வேலையில் இறங்கினாள். விளக்கைப் பார்த்து வயது சொன்ன மெக்கானிக்கிடம், அந்த விளக்கு வண்டியோடு வந்ததுதானா என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். பம்பாயில் பழைய உதிரிபாகம் விற்ற ஒருவருக்கும், மதராசில் பழைய கார் வைத்திருந்த ஒருவருக்கும் கடிதம் எழுதினாள். இரண்டு பதிலும் ஒன்றே சொன்ன பிறகுதான் நம்பினாள். தொழிற்சாலை போட்ட வண்டி எண் 'ஏ' என்று ஆரம்பித்தால் போருக்கு முன். 'பி' என்றால் பின். இன்ஜின் மூடியைத் திறந்தால் பித்தளைத் தகட்டில் அந்த எண்ணை மெல்லிசாகப் பொறித்திருப்பார்கள்.

இரண்டாவது கடிதம் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. காலை வெளிச்சத்தில் தகட்டைப் பார்ப்போம் என்றாள் அத்தை. திங்கட்கிழமை ஊர்வலத்துக்கு விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள்.

இங்கேதான் பத்து வயதான நான் உதவிக்கு வருகிறேன்.

அந்தத் தகடு கரி பிடித்துக் கிடந்தது. எங்கள் வீட்டில் பித்தளைக்கு ஒரே வைத்தியம்: புளி. முற்றிய நோய்க்குச் செங்கல் பொடி. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா குத்துவிளக்குக்குச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். அன்று சாயங்காலம் ஷெட்டுக்குள் நுழைந்து, இரண்டையும் போட்டுத் தேங்காய் நாரால் அரை மணி நேரம் தேய்த்தேன். தகடு தங்கமாகிவிட்டது. என் முகம் தெரிந்தது. என் முகத்தைத் தவிர வேறொன்றும் அதில் தெரியவில்லை.

இனி எனக்கு ஜெயில்தான். எரவாடா ஜெயில் எங்கள் வீட்டுக்குப் பக்கம் என்பது ஒன்றுதான் ஆறுதல்; அம்மா தயிர்சாதம் கொண்டுவர ஒரே பஸ் போதும். பிறகு மூளை வேலை செய்தது. ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து காம்பஸை எடுத்துவந்து, தகட்டில் 'ஏ' என்று கீறினேன். பின்னால் எண் வேண்டுமே? பதற்றத்தில் நினைவுக்கு வந்த ஒரே எண்ணைப் போட்டேன். அது என் வகுப்பு ரோல் நம்பர். திருடின வீட்டிலேயே விலாசத்தை எழுதி வைத்துவிட்டு வந்த திருடன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை காகா மூடியைத் திறந்தார். "அரே பேட்டா, ஏ! பார், ஏ!" என்று அத்தையைப் பார்த்துக் குதித்தார். அத்தை குனிந்தாள். கீறலை நகத்தால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குத் திடீரென்று வானத்துப் பறவைகளில் அக்கறை வந்துவிட்டது.

"இதை எழுத முடியாது, காகா" என்றாள் இந்தியில்.

"தகடே சொல்கிறது! இன்னும் என்ன, கணபதி வந்து கையெழுத்துப் போடணுமா?"

அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஏலே, அந்தச் சாக்கை எடுத்துட்டு வா" என்றாள் என்னிடம். அதே எண் வண்டியின் அடிச் சட்டத்திலும் எங்கேயோ அடித்திருக்கும் என்று பம்பாய்க் கடிதத்தில் ஒரு வரி இருந்ததாம். சேலையைச் செருகிக்கொண்டு, மண்ணெண்ணெய்த் துணியும் டார்ச்சுமாக வண்டிக்கு அடியில் புகுந்தாள். ஒன்பது மணிக்குப் போனவளின் பாதங்கள் மட்டும் பன்னிரண்டு மணி வரை வெளியே தெரிந்தன. ஐம்பது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கை விரற்கடை விரற்கடையாகத் துடைத்துக்கொண்டே போனாள்.

காகாவின் கோபம் பயமாக மாறியிருந்தது. "பி என்று இருந்தால்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருந்தா பி-ன்னு எழுதுவேன்" என்றன பாதங்கள்.

நான் கீழ் வீட்டுக் கணபதியையும் மாடி வீட்டு முருகனையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். யார் வந்தார்களோ தெரியாது. "காகா, ஏ" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

காகா வெள்ளைக் குர்த்தாவோடு தரையில் படுத்து உள்ளே போனார். வெளியே வந்தபோது கன்னத்தில் கிரீஸ், கண்ணில் தண்ணீர். அவருடைய அப்பா பொய் சொல்லவில்லை என்று மராத்தியில் ஷெட்டுச் சுவரிடம் சொன்னார்.

மத்தியானம் அத்தை விண்ணப்பம் எழுதினாள். எண் சட்டத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, யார் யார் கண்ணால் பார்த்தது, எல்லாம் தனித் தாளில். கடைசியில் ஒரு குறிப்பு: "தகட்டில் உள்ளதை நம்ப வேண்டாம், சுத்தம் செய்யும்போது நான்தான் எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டேன்." கீழே அவள் கையெழுத்து.

அதைப் படித்த காகா, "நீயா பேட்டா?" என்று அவளைப் பார்த்தார். அத்தை பேனாவை மூடினாள்.

தோளுக்குப் பின்னால் நின்று நானும் படித்தேன். ஜெயில் பயம் போன இடத்தில் ரோஷம் வந்து உட்கார்ந்தது. கை வலிக்க அரை மணி நேரம் தேய்த்தவன் நான், பெயர் அவளுக்கா? நேரே சமையலறைக்குப் போய், "அத்தை பொய் எழுதுதா" என்று புகார் செய்தேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தேங்காய் நார் எங்கே என்று கேட்டாள்.

இரண்டு நாள் அத்தையோடு நான் பேசவில்லை. அவளை மன்னிக்க வேண்டியவன் நான் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.