சாச்சியின் குட்டித் துருவலை

கட்டாரில் ஒரு வீட்டுக் குசினியில் நாலு வருசம் சமையல் வேலை செய்துவிட்டு, உம்மாவின் தங்கச்சியான எங்கள் சாச்சி மூன்று மாத லீவில் வந்திறங்கினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. சூட்கேசைத் திறந்த கையோடு உம்மாவுக்கு அபாயா, வாப்பாவுக்கு அத்தர், எனக்கு சொக்லட் என்று எல்லாம் பறந்துபோக, அடியில் ஒரு சாமான் மிஞ்சியது. ஒடுக்கமான நீளத் தகடு, கறுப்புப் பிடி, தகடு முழுக்கப் பொடிப் பொடிப் பற்கள். வாப்பா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, பலகை ராவுகிற அரம் என்று முடிவுகட்டி, தன் சுத்தியல் பெட்டிக்குள் வைக்கப் போனார். சாச்சி பாய்ந்து பறித்துக்கொண்டார்.

"ஐயோ மச்சான், அது குசினிச் சாமான். குட்டித் துருவலை!"

உம்மா சிரித்த சிரிப்பு அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும். "இதால ஒரு தேங்காய் துருவி முடியிறதுக்கு ஒரு நோன்பு காலம் வேணும் கா" என்றார்.

மறுநாளே அந்த வாய் அடைத்துப் போனது. சம்பலுக்கு மாசிக் கருவாடு இடிப்பதென்றால் எங்கள் வீட்டில் ஒரு யுத்தம். உரலில் போட்டால் துள்ளி ஓடும், பிறகு ஆள்விட்டுத் தேட வேண்டும். சாச்சி அந்தக் கல்லுத் துண்டைத் துருவலையில் நாலு தரம் இழுத்தார், பஞ்சு மாதிரிக் கொட்டியது. பிளேன்டித் தேத்தண்ணிக்கு இஞ்சி துருவினால் சாறும் சதையும் கீழே, நார் மேலே. பொரித்த பாரை மீனுக்கு மேல் தேசிக்காய்த் தோலை ஒரு இழுப்பு, வாசம் தெருவுக்குப் போகும். வட்டலப்பத்துக்குச் சாதிக்காய், பூண்டு, கருப்பட்டி எல்லாம் அதில்தான். கருகின ரொட்டியின் கரியைக்கூட அதால் ராவி எடுத்தார். கருகவிட்டது உம்மா என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகு சாச்சி உம்மாவை அடுப்பங்கரைக்கே விடவில்லை. உலை வைப்பதிலிருந்து எல்லாம் அவர் பாடு. உம்மாவும் அதில் ஒரு குறையும் காணவில்லை.

எனக்கு வாயும் வயிறும் மனசும் நிறைந்த காலம் அது. ஒரேயொரு கெட்ட விசயம், சாச்சி திரும்பிப் போக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். வீடில்லாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள். சாச்சியின் வீடு எங்கள் வளவிலேயே வெறும் சுவராய் நின்றது, கூரை இல்லை. உம்மாவுக்கும் சாச்சிக்கும் அண்ணனான மாமா ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து வருவார், அந்தச் சுவர்களை அண்ணாந்து பார்ப்பார், இன்னும் ரெண்டு வருசம் போய்வந்தால் ஓடு போட்டுவிடலாம் என்பார். சாச்சி "ஓம் காக்கா" என்பார். அவர்கள் வாப்பா மௌத்தான பிறகு தன்னை வளர்த்த காக்காவிடம் சாச்சி ஒரு நாளும் மறுத்துக் கதைத்ததில்லை.

எனக்கோ மாமா மேல் கோபம். கூரை இல்லாவிட்டால் என்ன, எங்களோடேயே இருக்கட்டுமே!

ஒரு நாள் சாச்சி இஞ்சி துருவிக்கொண்டே உம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "மெடம் தந்தது ராத்தா. வரக்குள்ள திருப்பிக் கொண்டு வரச் சொன்னாங்க. இது இல்லாம அந்தக் குசினியில எனக்கு ஒரு வேலையும் ஓடாது."

அவ்வளவும் போதும் எனக்கு. அன்று லுஹர் தொழுகைக்குப் பெரியவர்கள் தக்பீர் கட்டிய நேரம், இனி யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்ற துணிச்சலில், துருவலையைத் தூக்கிக்கொண்டு போய் அரிசி கொட்டி வைக்கும் நீலப் பிளாஸ்டிக் பரலுக்குள் தோள்மட்டம் கையை விட்டு அடியில் புதைத்தேன். அவசரத்தில் அதன் பல் என் விரல் தோலைச் சீவிவிட்டது. தொழுது முடிந்து வந்த சாச்சி பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டே என்ன கடித்தது என்று கேட்டார். பூனை என்றேன். "பொல்லாத பூனைதான்" என்று விரலை ஊதிவிட்டார்.

பின்னேரம் வீடே தலைகீழானது. கட்டிலுக்கடி, அலுமாரிக்கு மேல், வாப்பாவின் சுத்தியல் பெட்டி எல்லாம் தேடினார்கள். வாப்பா அல்லாஹ் மேல் ஆணையிட வேண்டியதாயிற்று. பாவம் மனிசன்!

வெள்ளிக்கிழமை மாமா வந்து டிக்கட் எப்போது போடுவது என்று கேட்டார். சாச்சி கறியைக் கிண்டியபடி, "துருவலை காணல்ல காக்கா. அது இல்லாம எப்படிப் போற?" என்றார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வெள்ளி கல்முனைச் சந்தையிலிருந்து நாலு பக்கமும் துளையுள்ள ஒரு துருவியோடு வந்தார். சாச்சி அதைத் தடவிப் பார்த்து, "இது பல்லுப் பெரிசு காக்கா" என்றார். மூன்றாம் வெள்ளி, கிடைத்துவிட்டதா என்று மாமா கேட்டபோது சாச்சி அடுப்பை ஊதக் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்து உம்மாதான் குரல் கொடுத்தார். "விடுங்க காக்கா. காணாமப் போனது போகட்டும்."

மாமா எழுந்துபோய் அந்தச் சுவர்களைக் காலடியால் அளந்து பார்த்தார். நாலாம் வெள்ளி வரும்போது, ஓடு கிடக்கட்டும் என்று, கூரைக்குத் தகரம் அளக்க ஓர் ஆளைக் கூட்டிவந்தார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கட்டார் நாட்டையே தோற்கடித்தவள் போல் திரிந்தேன். அடுத்த போகம் வெட்டி முடிந்ததும், மாவடிப்பள்ளியில் வயல் செய்கிற ஒருவர் அந்தத் தகர வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள், வட்டலப்பத்துக்காக, துருவலையைப் பரலின் அடியிலிருந்து எடுத்துவந்து, அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது என்று கூசாமல் சொன்னேன். "அல்லாஹ்வே, கிடைச்சிட்டா!" என்று சாச்சி கண்ணை அகல விரித்தார். பற்களில் வெள்ளையாய் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டி ஊதிவிட்டு, சாதிக்காயை எடுத்துத் துருவ உட்கார்ந்தார்.

இப்போது எனக்கென்று ஒரு குசினி, ஒரு பரல். போன கிழமை அரிசி முடிகிற நேரம், கையைத் தோள்மட்டம் விட்டு, அரிசி அளக்கும் சுண்டால் அடியைச் சுரண்டி அள்ளிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறகு சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. எங்கள் வீட்டுப் பரல் பத்துப் பதினைந்து நாளைக்கொரு தரம் அடிதட்டும். சாச்சி வந்த நாளிலிருந்து அதில் அரிசி அளந்த கை வேறு யாருடையதும் இல்லை. புது அரிசி கொட்டும்போதெல்லாம் அந்தத் துருவலையை மறுபடி அடியில் வைத்து மூடியது சாச்சிதான்.