காத்து பத்தலை

எங்கள் அம்மாவோடு பிறந்தவர்கள் நான்கு பெண்கள். மூன்றாவது சித்திக்கு வரிசையாக மூன்று பெண்கள் பிறந்து, இனிமேல் இல்லை என்று தொட்டிலைக்கூட யாருக்கோ தூக்கிக் கொடுத்த பிறகு வந்து பிறந்தவன் அவன். பூட்டு ரிப்பேர், சாவி வெட்டுவது, இதுதான் தொழில். சொந்தத்தில் எல்லாருக்கும் அவன் ‘சாவி’. வைத்த பெயரைக் கேட்டால் அவன் மகளே ஒரு நிமிஷம் யோசிப்பாள்.

அவன் பெண்டாட்டி பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவள். இருபத்தெட்டு வருஷம் துணித்தூசியை மூச்சோடு இழுத்து நெஞ்சு கெட்டுப்போய்விட்டது. தையலை விடச் சொன்னார்கள். பிறகு நடப்பதை, பிறகு மாடி ஏறுவதை. கடைசியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷினை வைத்து, மூக்கில் குழாய் மாட்டிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பாளே என்று மகள் இரண்டடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தாள். இவளுக்கு மீன் பிடிக்கவில்லை. தொட்டி வந்த அட்டைப்பெட்டியில் ஒரு சிவப்புச் செடி படம் போட்டிருந்தது. அதுதான் வேண்டும் என்றாள்.

“அது கோவக்காரச் செடிக்கா,” என்றாராம் மீன்கடைக்காரர். “வெளிச்சம் குறைஞ்சா கோவம், கூடினாலும் கோவம். சும்மா தண்ணியில போட்டா பத்து நாள் தாங்காது.”

“எங்க வீட்டுக்காரரையே வளர்த்து ஆளாக்கிட்டேன். இதை வளர்க்க மாட்டேனா?” என்றிருக்கிறாள் இவள்.

வளர்த்தாள். அடியில் மண், மேலே பொடிக்கல், தலைக்கு மேல் இரண்டு குழல் விளக்கு. ஒரு காலி பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்டும் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு, மெல்லிய குழாய் ஒன்றைத் தொட்டிக்குள் விட்டிருந்தாள். அவள் மூக்கில் ஒரு குழாய், தொட்டிக்குள் ஒரு குழாய். ஐந்து தண்டுகளும் ஒயின் நிறத்தில் நிமிர்ந்து நின்றன. இலை நுனியிலெல்லாம் முத்து முத்தாகக் குமிழி.

அவள் போன அன்று காலையில் உடம்பை எடுத்துக் கூடத்தில் கிடத்திய பிறகும், உள்ளறையில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. மத்தியானம் சாவிதான் போய் நிறுத்தினான். அப்போதுதான் வீட்டில் பெரிய அழுகை எழுந்தது. அதுவரை எல்லாரும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம் போல.

வீட்டைக் கழுவிவிட்ட நாளில் அந்தப் பாட்டிலைத் தூக்கி எறிந்தது அவன்தான். புளித்த வாடை அடித்தது, மருந்து ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தானாம். இரண்டே வாரத்தில் செடி வெளுக்க ஆரம்பித்தது. மீன்கடைக்கு ஓடினான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கடைக்காரர் வலையும் கையுமாக, திரும்பிக்கூடப் பார்க்காமல், “காத்து குடுக்குறீங்களா?” என்றார்.

“இல்லியே.”

“காத்து பத்தலை. குடுங்க, சரியாயிடும்.”

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாகக் கேட்டிருக்கிறோம். டாக்டர் சொன்னது, நர்ஸ் சொன்னது, அவளே சொன்னது எல்லாம் அதுதான். சாவி வீட்டுக்கு வந்து பரணைத் துழாவினான். தொட்டியோடு வந்த சின்னக் காற்று மோட்டார் துணியில் சுற்றிக் கிடந்தது. அவள் ஏன் அதைக் கழற்றி வைத்தாள் என்று அவன் யோசிக்கவில்லை. மாட்டினான். இரவு பகலாக ஓடவிட்டான்.

நான் அதற்கு அடுத்த மாதம் போனேன். பகல் மூன்று மணி. அவன் வீட்டுக் கதவு வழக்கம்போலச் சும்மா சாத்தியிருந்தது. ஊர்க் கதவுக்கெல்லாம் பூட்டு போடுகிறவன் வீட்டில் பூட்டு இல்லை என்று தெருவில் கேலி செய்வார்கள். கதவில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே அந்தச் சத்தம். உர்ரென்று ஒரே சீராக, நடுநடுவே ஒரு சின்ன விக்கலோடு. மெஷினைத் திருப்பிக் கொடுத்ததே என் மருமகனின் வண்டியில்தான். கதவை மெல்லத் தள்ளினேன்.

“வாக்கா. மெதுவா பேசு,” என்றான் சாவி.

“ஏன்டா? யாரு தூங்குறா?”

அவன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தொட்டி நுரைத்துக்கொண்டிருந்தது. ஐந்து தண்டில் இரண்டுதான் மிச்சம், அவையும் வெந்த கீரை மாதிரி.

“அவ கையால நட்டதுக்கா. இந்த ரெண்டும் போயிட்டா அவ வச்சதுன்னு உயிரோட எதுவுமே இல்லை. எவ்வளவு காத்து குடுத்தும் ஏத்துக்க மாட்டேங்குது.” தொட்டிக் கண்ணாடியில் விரலை வைத்து, “அவள மாதிரியே,” என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் மீன்கடைக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் தொட்டியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“அண்ணே! காத்துன்னா இந்தக் காத்தா? நாம உள்ள இழுக்குறது மீனுக்கு. செடிக்கு வேண்டியது நாம வெளிய விடுறது. அதுக்குத்தான் அக்கா சர்க்கரை பாட்டில் வச்சிருந்தாங்க. இந்த மோட்டார் அதையும் தண்ணியில தங்கவிடாம விரட்டிடுது. நீங்களே பட்டினி போட்டிருக்கீங்க. முதல்ல இதை நிறுத்துங்க.”

சாவி சுவிட்சைப் பார்த்தான். “நாளைக்கு நிறுத்துறேன்,” என்றான்.

“ஒரு சுவிட்சைத் தட்ட நல்ல நாள் பார்க்கணுமாண்ணே?” என்று சிரித்தார் கடைக்காரர். நான் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு சாவி சொன்னான்: “ஒரு தடவை நான்தானேக்கா நிறுத்தினேன்.”

நாளை நாளை என்று ஐந்து நாள் போயிற்று. ஒரு தண்டு அடியோடு அழுகி மேலே மிதந்தது. அன்றைக்குத்தான் என்னைக் கூப்பிட்டான். “நான் தட்டுறேன், நீ வெளிய போயிரு,” என்றேன். “உன் கை வேண்டாம்,” என்றான். கண்ணை மூடிக்கொண்டு தட்டினான்.

நுரை அடங்கியது. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். தெருவில் ஒரு சைக்கிள் மணி. அதற்கப்புறம் எதுவும் இல்லை. சுவிட்சிலிருந்து கையை எடுக்காமலே, “அக்கா, ஏதாவது பேசு,” என்றான். தூக்கத்தில்கூடப் பேசுகிறவள் என்று பெயர் வாங்கிய எனக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அடுக்களைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தேன். எத்தனை கரண்டி போடுவாள் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. குத்துமதிப்பாகப் போட்டோம்.

செடி பிழைத்துக்கொண்டது. மூன்றாம் வாரம் நுனியில் நகக்கண் அளவுக்குச் சிவப்பு வந்தது.

ஆனால் விளக்கு அணைந்த பிறகு மோட்டார் ஓடலாம், இருட்டில் செடிக்கும் நாம் இழுக்கிற காற்றுதான் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். சாவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சாயங்காலம் போடுகிறான். அப்படியென்றால் தினமும் காலையில் நிறுத்தவும் வேண்டும். தினமும் ஒன்பது மணிக்கு எனக்குப் போன் வரும். “நிறுத்தப் போறேன், பேசுக்கா,” என்பான். நான் சொந்தக் கதையை ஆரம்பிப்பேன். பெரிய மாமாவின் இரண்டாம் தாரம், அவளுடைய தங்கை வீட்டுக்காரர், அவர்கள் எந்தக் கல்யாணத்தில் எதற்காகக் கோபித்துக்கொண்டு போனார்கள் என்று. அவன் ம் கொட்டுவான். கால் மணி நேரம் கழித்துக் கடைக்குக் கிளம்பிவிடுவான்.

போன வாரம் பேசிக்கொண்டே வந்ததில் உயிரோடு இருக்கிறவர்கள் தீர்ந்துவிட்டார்கள். போனவர்களுக்கு வந்தேன். எங்கள் அம்மா, அவன் அம்மா, அவனுடைய மூத்த அக்கா. அந்த வரிசையில் அடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் வீடு முழுக்க அமைதி.

“நிறுத்தாதக்கா,” என்றான்.

“உன் பெண்டாட்டி,” என்று ஆரம்பித்தேன், “முதல் முதல்ல எங்க வீட்டுக்கு வந்தப்ப...”