பின்னால் வீடு தெரியாத படம்

ஜித்தாவின் பழைய நகரத்துப் பவளக்கல் வீடுகள் இடிந்து விழுவதற்குள் படமெடுத்து, என் வலைப்பூவில் போட்டு சீன் போடலாம் என்று புது டிஜிட்டல் கேமராவோடு அலைந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, பாழடைந்த நாலு மாடி வீடு ஒன்று கிடைத்தது. மரச்சன்னல் வேலைப்பாடு செம. உள்ளே ஏறி ஃபிளாஷ் அடித்தேன்.

இருட்டு மூலையிலிருந்து கைலி கட்டிய ஒருவர் பாய்ந்து என் காலரைப் பிடித்தார்.

"போலீசுக்கு ஆள் காட்டவாடா வந்தே?"

அட, தமிழ்! "இல்லண்ணே, வீட்டத்தான் எடுத்தேன்."

"விசா குடுத்த மொதலாளி, அந்தக் கஃபீல்கிட்டேர்ந்து ஓடியாந்து இங்கதான் ஒளிஞ்சிருக்கேன். இந்தப் படம் வெளிய போச்சுன்னா நான் காலி."

அந்த நேரம் பார்த்துக் கீழே போலீஸ் வண்டி வந்து நின்றது. இருவரும் சன்னலை விட்டு விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். வண்டி கிளம்பிய பிறகு, அவர் கண்ணெதிரே எல்லாப் படத்தையும் அழித்தேன்.

படியிறங்கும்போது கூப்பிட்டார்.

"தம்பி, என் மூஞ்சிய மட்டும் ஒண்ணு எடு. மகளுக்கு அனுப்பணும். பின்னால வீடு தெரியக் கூடாது. ஏசி ரூம்ல இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

காரை உதிராத சுவர் ஒன்றுகூட அங்கே இல்லை. என் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் விரித்து மாட்டி, அதன் முன்னால் அவரை நிறுத்தி எடுத்தேன். சிரித்தார்.

இப்போதெல்லாம் எவ்வளவு பாழடைந்த வீடானாலும், கேமராவைத் திறக்குமுன் கதவைத் தட்டுகிறேன்.