முருகன் கன்னத்தில் ஒரு பச்சைக் கோடு

மகளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தபோது, அவள் மதியம் தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில் நான் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு விருதுநகர் வந்தவளுக்கு, படித்ததெல்லாம் மறந்துவிடுமோ என்று பயம். பிள்ளை பக்கத்தில் படுக்காமல் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறோமே, இது சரிதானா என்ற பயம் தனி.

மென்பொருளின் வேலை எளிது. ஹார்ட் டிஸ்கில் இருப்பதையெல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பார்க்கும். ஒரே துண்டு பத்து இடத்தில் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற ஒன்பது இடத்திலும் 'அங்கே போய்ப் பார்' என்று குறித்துவிடும். இடம் மிச்சம். ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை மாதிரி ஒரு எண் உண்டு. எண் ஒத்துப்போனால் துண்டும் ஒன்றுதான் என்று நம்பலாம். ஆனால் என் கணினியில் மெமரி குறைவு என்பதால் நான் அந்த எண்ணைப் பாதியாக நறுக்கியிருந்தேன். நறுக்கிய எண்ணை நம்ப முடியாது; வேறு வேறு துண்டுகளுக்கும் ஒரே எண் வந்துவிடலாம். அதனால் எண் ஒத்துப்போன பிறகும் இரண்டு துண்டுகளையும் பைட் பைட்டாக ஒப்பிடும்படி எழுதியிருந்தேன்.

என்னைப் போல் பல ஊர்களிலிருந்து எழுதுபவர்கள் சேர்ந்த ஒரு குழு இருந்தது. அதை நடத்துபவர் எங்கோ ஐரோப்பாவில் இருந்தார். பார்த்ததில்லை, மின்னஞ்சல் பழக்கம்தான். 'எண் ஒத்துப்போன பிறகு இன்னொரு சோதனை எதற்கு? வேகம் குறைகிறது. எடுத்துவிடுங்கள்' என்று எழுதினார். நான் எண்ணை நறுக்கியதை அவர் கவனிக்கவில்லையோ என்று தோன்றியது. அவருக்குத் தெரியாததா என்றும் தோன்றியது. நல்ல பிள்ளையாக 'நன்றி' என்று பதில் போட்டு, சோதனையை எடுத்துவிட்டேன்.

சிவகாசியில் என் அண்ணன் காலண்டர் அச்சாபீஸ் வைத்திருந்தான். அங்கே டிஸ்க் நிரம்பி வழிந்தது. ஒரே முருகன், காலடியில் மட்டும் ஒருமுறை மளிகைக்கடைப் பெயர், ஒருமுறை நகைக்கடை, ஒருமுறை சிமெண்ட் ஏஜென்சி. 'போன வருசம் போட்ட மாதிரியே வேணும்' என்று எவராவது வந்து நிற்பார்கள் என்று எதையும் அழிப்பதில்லை. என் மென்பொருளுக்கென்றே செய்து வைத்த டிஸ்க். எல்லாவற்றையும் புது டிஸ்கில் நகலெடுத்து ஓட்டினேன். முக்கால்வாசி இடம் காலி.

"ஏத்தா, எங்கன கொண்டு போய் ஒளிச்ச அம்புட்டையும்?" என்றான் அண்ணன்.

"எல்லாம் உள்ளதான் இருக்கு. பழைய டிஸ்க்க ஒரு வாரம் தொடாதண்ணே."

நாலாம் நாள் அங்கே டிசைன் பார்க்கும் அண்ணாச்சி போன் செய்தார். "தங்கச்சி, முருகனுக்கு மீசை முளைக்குது. கொஞ்சம் வந்து பாக்கீகளா?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். திரையில் முருகனின் கன்னத்தில் மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு.

"மூணு வருசமா இந்த மொகத்தத்தான் பாக்கேன். போன வாரம் வரைக்கும் வழுவழுன்னு இருந்தாரு" என்றார் அண்ணாச்சி.

அந்தப் பச்சை எனக்குத் தெரிந்த பச்சை. உரக்கடைக் காலண்டரில் இருக்கும் நெல்வயல். கன்னத்துக்கும் வயலுக்கும் நறுக்கிய எண் ஒன்றாக வந்து, கன்னத்துத் துண்டின் இடத்தில் வயல் துண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையைத்தான் நான் எடுத்துவிட்டேனே.

பத்து நாளில் ஆடிப் பதினெட்டு. அன்றைக்குப் புது வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவர வேண்டும். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகப் போவார்கள். இன்னும் எத்தனை சாமிகளின் முகத்தில் வயல் முளைத்திருக்கிறதோ? பழைய டிஸ்க்கோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

"அண்ணே, பழைய டிஸ்க்?"

"அதா? நீ போன அன்னைக்கே அழிச்சு வேற மிசின்ல மாட்டியாச்சே."

நான் எப்படி இறுக்கினேனோ, இடுப்பில் இருந்த பிள்ளை வீறிட்டாள். அண்ணன் பயந்துவிட்டான். "ஏ, சும்மா சொன்னேந்தா! ஒன்னப் பத்தித் தெரியாதா எனக்கு?" பீரோவைத் திறந்து எடுத்தான். இரண்டு பாலிதீன் பை சுற்றி, மேலே காகிதம் ஒட்டியிருந்தது: 'தங்கச்சி சொல்ற வரைக்கும் எவனும் தொடப்பிடாது.'

அண்ணாச்சி என் மகளுக்கு ஒவ்வொரு சாமியாகக் காட்டிக்கொண்டிருக்க, நான் இரண்டு டிஸ்க்குகளையும் ஒப்பிட்டேன். சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று இடம் அகப்பட்டது. பழையதிலிருந்து எடுத்துச் சரிசெய்தோம். ஆல்பம் தப்பியது.

ஐரோப்பாக்காரருக்கு எழுத வேண்டிய மின்னஞ்சல்தான் பாக்கி. மறுநாள் மதியம் ஆறு முறை எழுதி ஆறு முறை அழித்தேன். ஒன்றில் பழி அவர்மேல் இருந்தது. ஒன்றில் நான் கணினியைத் தொடவே லாயக்கில்லாதவள் என்று இருந்தது. கடைசியில் நடந்ததை மட்டும் எழுதினேன்: எண்ணை நறுக்கியது நான். சோதனை அதற்காகத்தான் இருந்தது. நீங்கள் எடுக்கச் சொன்னபோது அதை நான் சொல்லவில்லை. குழுவில் அத்தனை பேரும் படிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

இனி என் பெயரைப் பார்த்தாலே அஞ்சலைத் தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தேன். மறுநாளே பதில் வந்தது. தானும் சரியாகப் படிக்கவில்லை, சோதனையைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள், இனி யார் ஓட்டினாலும் அந்தச் சோதனை உண்டு என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: மற்றவர்களும் சோதித்துப் பார்க்க முருகன், நெல்வயல் இரண்டு படங்களையும் அனுப்ப முடியுமா?

அண்ணனிடம் கேட்டேன்.

"வெளிநாட்டுக்காரன் முருகன் படம் கேக்கானா? தாராளமா அனுப்பு. கடைப் பேர எடுத்துட்டு நம்ம அச்சாபீஸ் பேரப் போட்டுரு. ஆர்டர் வந்தாலும் வரும்."

படத்தை மாற்றினால் சோதனைக்கு உதவாது என்று விளக்க ஆரம்பித்தேன்.

"கோடு கன்னத்துல. பேரு காலடியில. அது வேற துண்டு, இது வேற துண்டுதான?" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். இன்னொரு முறையும் யோசித்தேன். அவன் சொன்னது சரிதான். பெயரைப் போட்டே அனுப்பினேன்.