கை தூக்கிய ஹாரி ஐயா

மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்யும் செல்வி வந்து, "அண்ணை, காலமை ஹாரி ஐயா மோசம் போயிட்டாராம்" என்றாள். அவர் இறந்த செய்தி கேட்டு, குழாயை மூடாமல் அப்படியே நின்றேன்.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து சுவிசில் பேர்ன் நகருக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனுக்கு வந்து சேர்ந்த நமக்கெல்லாம் அவரைத் தெரியும். அவுஸ்திரேலியச் சிப்பாய். இரண்டாம் உலகப் போரில் ஆபிரிக்கப் பாலைவனத்தில் பிடிபட்டு, இத்தாலியில் கைதியாக இருந்து, காவலர்கள் கலைந்த நேரம் பனிமலை ஏறிச் சுவிசுக்குள் இறங்கியவர். இங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டார். நம் வீட்டுச் சோற்றைக் கண்டால் விடமாட்டார். "இத்தாலியில் நெல்வயலில் களை பிடுங்கினேன், தின்னத் தந்தது பாண் ரொட்டி. இப்போதுதான் கூலி கிடைக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பார். மலை ஏறிய கதையை எத்தனை தரமும் சொல்வார். எப்படிப் பிடிபட்டீர்கள் என்று கேட்டால் மட்டும் புகைக்கும் பைப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்.

என் அகதி விசாரணைக்குத் துணையாக வந்தார். துணைக்கு வருபவர் வாய் திறக்கக் கூடாது என்பது ஒழுங்கு. ஊரில் ராணுவம் சுற்றிவளைத்த அன்று நடந்ததைக் கேட்டார்கள்.

"கையைத் தூக்கிக்கொண்டு வெளியில வந்தனான். பிடிச்சுக்கொண்டு போயிட்டினம்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரர். அவர் அதை ஜெர்மனில் சொன்னதும் அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "எந்த இயக்கத்தில் சண்டை போட்டீர்?" என்றார். நான் கணக்குப் படிப்பித்தவன்.

"ஒரு இயக்கத்திலயும் இல்லை."

"அப்படியானால் ஏன் சரணடைந்தீர்?"

ஆயுதக்காரன் என்று எழுதிவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் விமான நிலையத்திலேயே என் கதை முடிந்துவிடும். 'சரணடைந்தேன்' என்று நான் சொல்லாத சொல் எங்கிருந்து வந்தது என்று விளங்காமல் விழித்தேன்.

என் கதையை முன்பே கேட்டிருந்த ஹாரி ஐயாவுக்கு, மொழிபெயர்ப்பாளர் ஜெர்மனில் சொல்லை மாற்றிப் போட்டது விளங்கிவிட்டது; அவர் எழுந்தார். இருக்கச் சொன்னார்கள். அவர் இருக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியபடி பேர்ன் ஜெர்மனில் பேசினார். மொழிபெயர்ப்பாளர் மெதுவாக எனக்குச் சொன்னார்:

"சரணடையறது சிப்பாய்ங்கறாரு. நான்தான் சரணடைஞ்சவன்ங்கறாரு. துப்பாக்கில குண்டு இருந்துச்சு. பக்கத்துல என் ஆளுங்க இன்னும் சுட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் கீழ போட்டுட்டுக் கையைத் தூக்கினேன். இந்த மனுஷன் தூக்கினது வெறும் கை. ரெண்டுக்கும் ஒரே சொல்லப் போடாதீங்கங்கறாரு."

அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதியதை வெட்டிவிட்டு, கேள்வியை முதலிலிருந்து கேட்டார்.

வெளியே பஸ் தரிப்பில் ஹாரி ஐயா கோட்டுப் பொத்தான்களைப் பூட்டினார். "என் மனைவி இதைக் கேட்காமலே இறந்துபோனாள்" என்றார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "பேசாமல் வா, குளிருகிறது" என்று அடக்கிவிட்டார்.

அடக்கம் செய்யும் நாளில் தேவாலயத்தில் மலை ஏறிய வீரனைப் பற்றிப் பேசுவார்கள். பேசட்டும், அதுவும் உண்மைதான். எனக்கு இங்கே இருக்க அனுமதி வாங்கித் தந்தவர் வேறொரு ஹாரி ஐயா. அவரைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். ஒருமுறை தன் உயிருக்காகக் கை தூக்கினார், அந்த வெட்கத்தை யாருக்கும் காட்டாமல் சுமந்தார். மறுமுறை எல்லோரும் பார்க்கத் தூக்கினார், என் உயிருக்காக.